ஜெர்மன் இராணுவத் தோல் மேலங்கி: அடையாளமும் மெய்ம்மையும்

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து 1945 வரை ஜெர்மன் படை அதிகாரிகளும் வானோடிகளும் நீர்மூழ்கிக் கப்பல் பணியாளரும் அணிந்த நீண்ட தோல் கோட்டு இது. ஜெர்மானியர் இதை லேடர்மான்டல் என்பர். பழம்பொருள் சந்தையில் பெரிதும் தேடப்படும் உடைகளுள் ஒன்று. தவறான பெயரில் விற்கப்படுவதிலும் முன் வரிசையில் நிற்பது. இதன் மெய்ம்மையை நூலும் உள்துணியும் தையற்கடைச் சீட்டும் சொல்லும் அளவுக்குச் சின்னங்கள் சொல்வதில்லை.

தோற்றம்

மேற்கூரையற்ற தொடக்ககால மோட்டார் வண்டிகளில் காற்றையும் தூசியையும் தாங்க ஓட்டுநர்களும் பயணிகளும் தோல் கோட்டு அணிந்தனர். இராணுவத்துக்கு அது வந்த வழியும் அதுவே. மெல்லியதாக வளையவும் மழையைத் தாங்கவும் வல்ல தோல் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது குரோம் உப்பால் பதனிடும் முறைக்குப் பின்னர்தான். ஜெர்மன் வேதியியலார் ஃபிரீட்ரிஷ் கினாப் 1858இல் பதனிடுதல் பற்றிய தம் ஆய்வில் இதற்கு அடிப்படை இட்டார். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் இருமுறை ஊறவைக்கும் வழிக்கும், மார்ட்டின் டென்னிஸ் 1893இல் ஒரே ஊறலில் முடியும் வழிக்கும் காப்புரிமை பெற்று அதைத் தொழிலாக்கினர். மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறிய தோல் இதன்பின் சில நாட்களில் ஆயத்தமாயிற்று. மைன் ஆற்றங்கரை ஆஃபன்பாக், ரைன் கரை வோர்ம்ஸ், வைன்ஹைம் ஆகிய ஊர்கள் ஜெர்மன் தோல் தொழிலின் மையங்கள். ஆஃபன்பாக்கில் 1917இல் ஹூகோ எபர்ஹார்ட் நிறுவிய தோல் அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது.

முதல் உலகப் போரில் திறந்த இருக்கை விமானங்களின் வானோடிகளுக்குத் தோல் கோட்டு ஆடம்பரமல்ல, உயிர்த்தேவை. நீர்மூழ்கிகளின் மேல்தளக் காவலருக்கும் அவ்வாறே. 1919 வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் தரைப்படையை 1,00,000 பேருக்குள் அடக்கி, படை விமானங்களையும் நீர்மூழ்கிகளையும் முற்றாகத் தடைசெய்தது. 1920களில் சோவியத் மண்ணில் லிபெட்ஸ்க் நகரில் மறைவாக நடந்த பயிற்சியை விட்டால், 1935 வரை ஜெர்மனிக்கு வெளிப்படையான வான்படை கிடையாது. எனவே 1928ஆம் ஆண்டின் லுஃப்ட்வாஃபெ (ஜெர்மன் வான்படை) கோட்டு என்று ஒன்று காட்டப்பட்டால் மேலே சோதிக்க வேண்டியதில்லை.

சொந்தப் பணத்தில் வாங்கிய உடை

தரைப்படையிலும் வான்படையிலும் சாதாரண வீரருக்கு அரசு கொடுத்தது கம்பளி மேலங்கியே. அதிகாரிகள் தம் சீருடையைத் தாமே வாங்க வேண்டும். படித்தொகை பெற்று, தையற்காரரிடமோ படையின் உடை விற்பனைப் பிரிவிலோ வாங்கினர். தோல் கோட்டு அவ்வாறு விருப்பத்தின்பேரில் வாங்கிய ஒன்று. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமல் தோல் கோட்டுடன் நிற்கும் ஒளிப்படங்கள் பலரும் அறிந்தவை. அதுவும் அதிகாரியின் சொந்த உடையே. அளவெடுத்துத் தைத்தது ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. மாட்டுத்தோல், குதிரைத்தோல், கன்றுத்தோல் எல்லாம் உண்டு. நிறமும் பசுஞ்சாம்பல், நீலச்சாம்பல், பழுப்பு, கறுப்பு என வேறுபடும். விதிநூலின் அளவுகளை வைத்து இவற்றை மெய்யென்றோ போலியென்றோ தீர்ப்பது அடிப்படைப் பிழை.

மோட்டார்சைக்கிள் படையினர் தோல் கோட்டு அணிந்தனர் என்பது பரவலான மற்றொரு பிழை. அவர்களுக்கு வழங்கப்பட்ட கிராட்மான்டல் ரப்பர் பூசிய துணியாலானது. அதன் கீழ்ப்பகுதியைக் கால்களைச் சுற்றிப் பொத்தானிட்டுக்கொள்ளலாம். கெஸ்டபோ கோட்டு என்ற பெயருக்கும் அடிப்படை இல்லை. அந்த இரகசியக் காவல்துறையினர் பெரும்பாலும் பொது உடையில் பணியாற்றியவர்கள். அவர்களுக்கென விதிக்கப்பட்ட கறுப்புத் தோல் கோட்டு எதுவும் இருந்ததில்லை. திரைப்படங்கள் பதித்த உருவத்தை விற்பனையாளர் விலையாக மாற்றுகின்றனர்.

கடற்படை மட்டும் விலக்கு. நீர்மூழ்கிப் பணியாளரின் சாம்பல்நிறத் தோல் உடைகள் அரசுச் சொத்து. அவற்றில் கழுகும் ‘எம்’ எழுத்தும் கொண்ட முத்திரையோ, கீல், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் உடைக் கிடங்குகளின் முத்திரையோ இருக்கும். ஆயினும் இவ்வகை உடை கடலோடு நிற்கவில்லை. 1944இல் நார்மண்டியில் 12ஆம் எஸ்எஸ் கவசப் பிரிவின் பீரங்கி வண்டியினர் இதே வெட்டில் அமைந்த தோல் உடை அணிந்திருந்தனர். அவை இத்தாலியக் கடற்படை இருப்பிலிருந்து வந்தவை. வெட்டை மட்டும் பார்த்துப் படைப்பிரிவைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அமைப்பும் முத்திரைகளும்

பொதுவான வெட்டு: இருவரிசைப் பொத்தான், அகன்ற கழுத்துப்பட்டை, இடுப்பு வார், முதுகின் கீழே பொத்தானிட்ட பிளவு. ஒரு விலங்கின் தோல் முழு நீளத்துக்கும் எட்டாமல் போவதால் இடுப்பில் குறுக்குத் தையல் அடிக்கடி வரும். தரைப்படை மேலங்கியில் மார்புக் கழுகுச் சின்னம் இடம்பெறாது. தோள்பட்டைச் சின்னம் மட்டும் வளையத்திலும் பொத்தானிலும் நிற்கும். ஆகவே மார்பில் கழுகு தைத்த தரைப்படைத் தோல் கோட்டு, வாங்குபவரைக் கவர்வதற்காகப் பின்னாளில் அலங்கரிக்கப்பட்டதே. தோள் வளையங்களைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் பார்க்க வேண்டும். பழைய வளையத்தின் அடியில் தோல் வெயில்படாமல் அடர்நிறமாக இருக்கும். புதிதாகத் தைத்ததன் கீழ் அந்த நிறவேறுபாடு இராது.

தோலில் ஊசி இட்ட துளை மறைவதில்லை. சேகரிப்போருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை. ஒரு சின்னமோ சீட்டோ பிரித்தெடுக்கப்பட்டிருந்தால் காலித் துளைகளின் வரிசை அதைக் காட்டிக்கொடுக்கும்.

முத்திரைகளில் மூன்று வகை முக்கியமானவை. ‘பி 41’ போன்ற கிடங்கு முத்திரை பெர்லின் கிடங்கையும் 1941ஆம் ஆண்டையும் குறிக்கும். அது அரசு வழங்கிய உடையில் வருவது. ஆர்பி எண் 1942 முதல் உற்பத்தியாளர் பெயருக்கு மாற்றாக வந்தது. சுழியத்தில் தொடங்கிச் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டிருக்கும். ஆர்இசட்எம் சீட்டு நாஜிக் கட்சியின் கொள்முதல் அலுவலகத்தினுடையது. அது கட்சி அமைப்புகளின் உடைக்குரியது, படைக்குரியதன்று. அதிகாரி தனியாகத் தைத்த கோட்டில் இவை எதுவும் இல்லாதிருப்பதே இயல்பு. அங்கே தேட வேண்டியது உள்பையில் தைத்த தையற்காரர் சீட்டு. அதில் வாடிக்கையாளர் பெயரும் தேதியும் கையால் எழுதப்பட்டிருக்கலாம்.

காலம் காட்டும் தடயங்கள்

சீட்டின் முகவரி தரும் தகவல் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஜெர்மன் அஞ்சல்துறை 1941இல் இரண்டிலக்க வட்டார எண்ணையும், மேற்கு ஜெர்மனி 1961இல் நான்கிலக்க எண்ணையும், இணைந்த ஜெர்மனி 1993இல் ஐந்திலக்க எண்ணையும் அறிமுகம் செய்தன. முகவரியில் நான்கிலக்க எண் கண்டால் அக்கோட்டு போர்க்காலத்தது அல்ல. சலவைக் குறியீடுகள் அச்சிட்ட சீட்டும் அவ்வாறே. அக்குறியீடுகளைப் பராமரிக்கும் பன்னாட்டு அமைப்பு பாரிஸில் 1963இல்தான் நிறுவப்பட்டது.

உள்துணி பருத்தி, கம்பளி, செயற்கைப்பட்டு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். பாலியஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டு 1950களில்தான் சந்தைக்கு வந்தது. தையலிலிருந்து ஓர் இழையை எடுத்து நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். புறஊதா விளக்கில் நூல் ஒளிர்ந்தால் போலி என்று சொல்வோர் உண்டு. ஒளிரூட்டிகள் துணியில் பரவலானது போருக்குப் பின் என்பது உண்மை. ஆனால் பழைய உள்துணியைப் பின்னாளில் ஒருவர் சலவைத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். இச்சோதனை ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்பு வழங்காது. தோலின் வெட்டு விளிம்பில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம் பதம், முழுவதும் பழுப்பென்றால் பட்டைச்சாற்றுப் பதம் எனலாம். இரண்டும் அக்காலத்தில் வழங்கியவை ஆதலால் ஆண்டை இது சொல்லாது.

குழப்பும் பிற கோட்டுகள்

கிழக்கு ஜெர்மன் மக்கள் காவல்துறையின் நீண்ட தோல் கோட்டுகள் போர்க்கால வெட்டை ஒட்டியவை. சீட்டைப் பிரித்துத் தோள்சின்னம் ஏற்றி விற்பதற்கு இவையே மிகுதியும் பயன்படுகின்றன. ஸ்வீடன் படையின் தோல் உடைகளை மூன்று கிரீட முத்திரை அடையாளம் காட்டும். 1956இல் உருவான மேற்கு ஜெர்மன் கடற்படையின் தோல் உடைகளும் நீர்மூழ்கிக் கோட்டாக விலைபோகின்றன.

உரிமையாளர் ஆவணம்

சீட்டில் பெயர் இருந்தால் அதை ஆவணத்தோடு ஒப்பிடலாம். போர்வீரர் விவரங்களை 1939 முதல் தொகுத்த பெர்லின் அலுவலகம் 2019இல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துடன் இணைந்தது; அதிகாரிகள் பற்றிய இராணுவ ஆவணங்கள் ஃபிரைபுர்கில் உள்ளன. முதல் உலகப் போர்க் கோட்டுக்கு இவ்வழி எளிதல்ல. பிரஷியப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்தது. பவேரியப் படையினருடையவை மியூனிக்கில் பிழைத்தன. அதனால் பவேரிய அதிகாரியின் கோட்டை மெய்ப்பிப்பது பிரஷியருடையதைவிட எளிது.

ஸ்வஸ்திகா கொண்ட சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தடுக்கிறது. கல்வி, ஆய்வு, கலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஜெர்மனியில் இக்கோட்டுகள் பெரும்பாலும் சின்னம் மறைத்தே விற்பனைக்கு வருகின்றன.