வடக்குப் பாதையும் கலத்தின் வாயிலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து புறப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். தம்புள்ளை, நாலந்தை எனத் தொடர்ந்த அவ்வடக்குப் பாதையின் இறுதிப் பகுதி, வஹகோட்டை அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்தினூடே சென்றது. கண்டியரசரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களாலும் அந்தோனியார் ஆலயத்தாலும் வஹகோட்டை வரலாற்றிற் பெயர்பெற்றது. அம்மாவட்டத்தின் வழியோரங்களில் மடிந்த தமிழ்த் தொழிலாளருக்கோ பெயர்ப்பட்டியல்தானும் இல்லை.

அவர்களை மாய்த்த நோய்களுள் வாந்திபேதி முதன்மையானது. குடலின் உட்படலம் உரிந்து அழிவதாலேயே நீர் வெளியேறுகிறது என மருத்துவர் பலர் நெடுங்காலம் கருதினர். உண்மை வேறு. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, கிருமி சுரக்கும் நஞ்சே இந்நோயை விளைவிக்கிறது என முயல்களின் குடலிற் காட்டினார். சிறுகுடற் கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு, இரு கொழுப்புப் படைகளாலான மதில் போன்றது. அதிற் பதிந்த புரதங்களே வாயில்கள். நஞ்சு மதிலை இடிப்பதில்லை. குளோரைட்டு வெளியேறும் வாயிலை மூடவிடாது செய்கிறது. குளோரைட்டைத் தொடர்ந்து சோடியமும், பிரசாரணத்தால் நீரும் குடலுட் பாய்கின்றன. கடும் நோயாளி ஒருவர் மணித்தியாலத்துக்கு ஓர் இலீற்றர்வரை இழக்கக்கூடும்.

இழந்ததை ஈடுசெய்தால் உயிர் பிழைக்கும் என்பது அன்று முற்றும் அறியப்படாததன்று. 1832இலேயே ஸ்கொத்லாந்தில் தோமஸ் லாட்டா உப்புநீரை நாளத்திற் செலுத்திச் சிலரை மீட்டார். ஆயினும் அம்முறை விரைவிற் கைவிடப்பட்டது. வாய்வழி அருந்திய உப்புநீரோ குடலில் உறிஞ்சப்படாது பேதியாகவே கழிந்தது.

இதற்கான விடை 1960இல் கிடைத்தது. சோடியமும் குளுக்கோசும் ஒரே புரதத்தின் வழியே இணைந்து கலத்துட் புகுகின்றன என்றார் ரொபேட் கிரேன். வாந்திபேதியின் நஞ்சு இவ்வாயிலைத் தீண்டுவதில்லை என்பதே வியப்பு. ஒரு வாயில் திறந்து நீர் வெளியேறுகையில், மற்றொன்று உட்கொள்ளக் காத்திருக்கிறது. உப்போடு வெல்லம் சேர வேண்டும், அவ்வளவே. 1968இல் டாக்காவில் நோயாளரிடம் இது மெய்ப்பிக்கப்பட்டது. 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்காவில் நாளவழி மருந்து தீர்ந்தபோது, திலீப் மஹலானபிஸ் குளுக்கோசு, உப்பு, சோடாமா ஆகியவற்றை நீரிற் கரைத்துக் கலன்களில் நிரப்பி, உறவினர் கையாலேயே நோயாளருக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது.

அரிசிக் கஞ்சியின் மாப்பொருளும் குடலிற் குளுக்கோசாகச் சிதைந்து அதே வாயிலாற் புகும் எனப் பிந்திய ஆய்வுகள் காட்டின. காட்டுவழியில் தூய நீர் கிடைத்திருக்குமா என்பது வேறு வினா. அரிசியும் உப்பும் வடக்குப் பாதையில் நடந்தோர் அறியாத பொருள்களல்ல.