உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள்



நம் நாட்டில் காய்ச்சலுற்ற பிள்ளையை அரசாங்க வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லும் தாய், கட்டணம் எவ்வளவு என்று கலங்குவதில்லை. செல்வத்திற் சிறந்த ஐக்கிய அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அங்கே வைத்தியச் செலவைத் தாங்குவது காப்புறுதி. அதுவும் பெரும்பாலும் தொழில் வழங்குவோர் வாயிலாகக் கிடைப்பது.

1965ஆம் ஆண்டில் வறியோர்க்கென 'மெடிக்கெய்ட்' திட்டம் சட்டமாயிற்று. ஆயினும், கடையிலும் சமையற்கூடத்திலும் நாள் முழுதும் பாடுபடுவோர் பலர் அவ்வுதவியைப் பெறுமளவு வறியவருமல்லர்; காப்புறுதியை விலைகொடுத்து வாங்குமளவு வசதியுடையவருமல்லர். உழைத்ததே குற்றம் என்பதுபோல அவர்தம் பிள்ளைகள் வெளியே நின்றனர்.

பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரில் உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது இந்த அவலம் வெளிச்சத்துக்கு வந்தது. தகப்பன் வேலையிழந்தான், பிள்ளை காப்புறுதியிழந்தது. 1985இல் அங்குள்ள தேவாலயங்களும் காப்புறுதி நிறுவனமொன்றும் கைகோத்து, நன்கொடைப் பணத்தைக்கொண்டு அப்பிள்ளைகளுக்குக் காப்புறுதி அளித்தன. 1992இல் அம்மாநில அரசு அதனைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. பெரிய அரசாங்கங்கள் சிறிய ஊர்களிடம் பாடம் கேட்பதும் உண்டு!

1997இல் எதிரெதிர்க் கட்சியினரான கெனடி, ஹற்ச் என்னும் செனற்றர் இருவர், சிகரெட் வரியை உயர்த்தி அப்பணத்தைக் குழந்தைகளுக்குச் செலவிட வேண்டுமென வாதிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி சனாதிபதி கிளின்ரன் கையொப்பமிட, திட்டம் நாடு முழுவதற்குமாயிற்று. அப்போது நூற்றுக்குப் பதினான்கு பிள்ளைகள் காப்புறுதியற்றிருந்தனர். இருபது ஆண்டுகளுக்குள் அத்தொகை ஐந்தளவிற் குறைந்தது. இக்குறைவில் மெடிக்கெய்டுக்கும் பங்குண்டு.

எனினும் 2007இல் மேரிலாந்தில் நிகழ்ந்ததை மறத்தல் அரிது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பல்லிற் கண்ட சீழ் மூளைக்குப் பரவிற்று. பல்லைப் பிடுங்க ஏறக்குறைய எண்பது டொலரே போதுமாயிருந்தது. அவனது மெடிக்கெய்ட் உரிமையோ இடையில் அறுந்திருந்தது. இரு முறை மூளையிற் சத்திரசிகிச்சை செய்தும் சிறுவன் இறந்தான். வகுப்பிற் கன்னத்தைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவரை எத்தனையோ முறை கண்டவன் நான். அச்செய்தியை வாசித்தபின் அவர்களை வெறுமனே கடந்து செல்ல இயலவில்லை.

அதே ஆண்டில், திட்டத்தை விரிவாக்கும் சட்டமூலத்தைச் சனாதிபதி புஷ் இரு தடவை நிராகரித்தார். 2009 பெப்ரவரியில் ஒபாமா கையொப்பமிட்ட சட்டமே பல் வைத்தியத்தைக் கட்டாயமாக்கியது. சிகரெட் பெட்டி ஒன்றுக்கு 62 சதம் வரியும் கூடிற்று.

2017 செப்டெம்பர் முடிவில் நிதி அனுமதி காலாவதியாக, காங்கிரஸ் வாளாவிருந்தது. சில மாநிலங்கள் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பின. ஏறக்குறைய நான்கு மாதங்களின் பின், 2018 ஜனவரி 22ஆம் திகதியே நிதி மீண்டும் உறுதியாயிற்று.