கழுமரமும் சிலுவையும்

பொன்னில் ஒரு சின்னக் கழுமரம் செய்து சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள நம்மில் யாராவது சம்மதிப்போமா? நகை செய்யும் பத்தரிடம் போய்க் கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் பொற்சிலுவை அணிந்தவர்களைத் தினமும் பார்க்கிறோம். அதில் நமக்கு ஒரு விசித்திரமும் தோன்றுவதில்லை. சிலுவை எதற்காகச் செய்யப்பட்ட மரம் என்பது மறந்துபோய்விட்டதுதான் காரணம்.

ரோமாபுரிச் சாம்ராஜ்யத்தில் அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. ரோமப் பிரஜையைச் சாதாரணமாகச் சிலுவையில் ஏற்றமாட்டார்கள். அவ்வளவு கேவலமான சாவு அது. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸ் என்ற அடிமை வீரன் நடத்திய கிளர்ச்சி முறிந்தபோது, பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவா நகரிலிருந்து ரோமுக்குப் போகும் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். உயிரை வாங்குவது மட்டும் நோக்கமல்ல. போகிறவரும் வருகிறவரும் பார்க்க, அவமானப்படுத்தி உயிரை வாங்கவேண்டும். நாசரேத்தூர்த் தச்சருடைய மகனுக்குக் கிடைத்தது இந்தச் சாவுதான். ரோமில் பாலட்டைன் குன்றில் ஒரு பழைய சுவரில் யாரோ கேலியாகக் கீறிவைத்த படம் ஒன்று இருக்கிறது: சிலுவையில் கழுதைத் தலையுடன் ஒரு மனிதன், கீழே நின்று அவனைக் கும்பிடுகிறான் ஒரு பக்தன். சிலுவை மரணத்தைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களில் அது ஒன்று. கொலையுண்டவனைக் கடவுள் என்பதா என்று அந்நாளைய கனவான்கள் சிரித்ததற்கு அந்தச் சுவரே சாட்சி.

நம் நாட்டுக்குச் சிலுவை இரண்டு வழியாக வந்தது. பாஷையைப் பார்த்தாலே தெரியும். ‘சிலுவை’ என்ற சொல் சிரியாக் மொழியிலிருந்து வந்தது. ‘குருசு’ போர்ச்சுகீசியருடன் கப்பலில் வந்து இறங்கியது. சென்னை பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுத்த பழைய கற்சிலுவையில் ஏசுவின் உருவம் இல்லை. சுற்றிலும் பாரசீகப் பஹ்லவி எழுத்து ஓடுகிறது. அதைப் பார்க்கிறவனுக்குக் கொலைக்களம் நினைவுக்கு வராது. கோயில் சிற்பம் ஒன்றைப் பார்ப்பது போலவே இருக்கும்.

மதுரைக்கு வருவோம். 1595 முதல் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் இங்கே இருந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவர்களுக்கு அவர் ஊழியம் செய்தார். மதுரைக்காரர்களோ அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மதத்தில் சேர வருகிறவரிடம், ‘பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?’ என்ற பொருள்படக் கேட்டால் யார்தான் சம்மதிப்பார்கள்?

1606-இல் ராபர்ட் டி நொபிலி வந்து சேர்ந்தார். இத்தாலியப் பிரபு குடும்பத்தில் 1577-இல் பிறந்தவர். பின்னாளில் தத்துவ போதகர் என்று பெயர் பெற்றவர். காவி உடுத்தார், புலால் விட்டார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். மார்பில் பூணூல் போட்டுக்கொண்டார். அதில் மூன்று பொன்னிற இழைகள் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூவருக்கு. இரண்டு வெண்ணிற இழைகள் கிறிஸ்துவின் உடலுக்கும் ஆத்மாவுக்கும். அந்த நூலில் ஒரு சிலுவையும் தொங்கியது.

பெர்னாந்தஸுக்கு இது பொறுக்கவில்லை. புகார் கோவாவுக்குப் போயிற்று, ரோமுக்கும் போயிற்று. கடைசியில் 1623 ஜனவரி 31-ஆம் தேதி பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அனுமதி கொடுத்தார்.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பத்து வருஷங்களுக்கு மேல் நடந்த விவகாரம் பூணூலைப் பற்றியது. அதில் தொங்கிய சிலுவையைப் பற்றியது அல்ல. ‘நான் உயர்ந்த குலத்தான்’ என்கிறது பூணூல். ‘அடிமையின் சாவைச் செத்தவனுடைய ஆள் நான்’ என்கிறது சிலுவை. இரண்டும் ஒரே மார்பில் எப்படி ஒத்துப்போகும்? நொபிலியை நான் குறைவாகச் சொல்லவில்லை. வீடு வாசல் துறந்து, ஒற்றை வேளை உண்டு, கண் மங்கி, 1656-இல் மயிலாப்பூரில் கண்ணை மூடியவர் அவர். அவர் பட்ட கஷ்டம் பெரிது. ஆனால் மதுரைப் பெரிய மனிதர்களுக்குச் சிலுவையைப் புரியவைக்க அவருக்குப் பூணூல் வேண்டியிருந்தது. வயற்காட்டு ஜனங்களுக்கு அது வேண்டியே இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

மதுரைச் சீமையின் தெய்வங்களைப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் நிற்கும் மதுரை வீரன் யார்? அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்கிறது கதை. எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரிய புராணம் சொல்லும் ஊரும் இதுவே. அது நடந்ததா என்று சரித்திரக்காரர்கள் வாதாடட்டும். கழு என்றால் என்ன என்று இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதிகாரத்தின் கையால் அநியாயமாகச் செத்தவனைச் சாமியாக்கிக் கும்பிடுவது இந்த மண்ணின் பழைய பழக்கம். ‘குற்றமற்ற ஒருவனை மரத்தில் அறைந்து கொன்றார்கள்; அவனே தெய்வம்’ என்று கேட்டு ரோமாபுரிக் கனவான் சிரித்தான். நம் குடியானவன் சிரித்திருக்கமாட்டான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ‘அப்புறம்?’ என்று கேட்டிருப்பான்.

அந்த ‘அப்புறம்’தான் புதிது. நம் வீரர்கள் கோபத்தோடு செத்தவர்கள். பொங்கல் வைத்து, கிடாய் வெட்டி, அந்தக் கோபத்தை ஆற்றவேண்டும். சிலுவையில் தொங்கினவரோ கொன்றவர்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செத்தார். ஆற்றவேண்டிய கோபம் அங்கே இல்லை. இதைக் கேட்ட குடியானவன் சற்று நேரம் பேசாமல் இருந்திருப்பான்.

இதைப் பேச்சால் அல்லாமல் உடலால் சொன்னவர் ஒருவர் உண்டு. ஜான் டி பிரிட்டோ, நம் ஜனங்கள் அழைக்கும் பெயரில் அருளானந்தர், 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர். அவர் எல்லா ஜாதியாரோடும் பழகக்கூடிய பண்டாரசாமி வேஷத்தை எடுத்துக்கொண்டார். மறவர் சீமையில் தடியத்தேவரை மதம் மாற்றியதால் சேதுபதியின் கோபத்துக்கு ஆளாகி, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். பிறகு அவர் உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஊரார் பார்த்துப் பயப்படத்தான். ரோமாபுரி செய்ததும் அதுவேதான். ஆனால் பார்த்தவர்கள் அந்த இடத்துச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போய் நெற்றியில் பூசிக்கொண்டார்கள். கிறிஸ்தவரல்லாதவர்களும் அங்கே போய் நேர்ந்துகொள்கிறார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1872-இல் எழுந்த மாதா கோயிலுக்கு இரண்டு சிறகுகள். தூரத்திலிருந்து பார்த்தால் கால்சட்டையை விரித்துப் போட்டதுபோல் இருக்கும். உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரு சிறகில், மற்றவர்கள் இன்னொன்றில், நடுவே சுவர். இரு பக்கத்தாரும் பார்க்கும் பீடம் ஒன்று. அதில் உள்ள சிலுவையும் ஒன்று. 1910-இல் பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். சிலுவையின் அர்த்தத்தைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள்; அந்தக் கடப்பாரைச் சத்தத்தைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சுவர் போனதைப் பொறுக்காமல் அதைக் கேட்டு நீதிமன்றம் ஏறியவர்களும் இருந்தார்கள். அவர்கள் கழுத்திலும் சிலுவைதான் தொங்கியிருக்கும்!

மதுரை கீழவெளி வீதிப் பேராலயம் வியாகுல மாதாவுக்கு உரியது. பிள்ளையைக் கொல்லும்போது மரத்தடியில் நின்ற தாய் அவள். பெற்ற பிள்ளையைக் காவலுக்கும் கழுவுக்கும் பறிகொடுத்த தாய்மார்கள் எந்த நூற்றாண்டிலும் இந்தச் சீமையில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அந்த வாசற்படியில் வந்து நின்றால், சிலுவைக்கு அர்த்தம் கேட்கமாட்டாள். நேரே உள்ளே போய் அந்தத் தாயின் பக்கத்தில் நின்றுகொள்வாள்.