மேசையைத் தின்றவர்கள்

வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில், பசி முற்றித் தம் மேசைகளையே தின்னும் நாள்வரை நகரம் அமையாது என்று ட்ராய் அகதிகளுக்கு ஒரு தீவாக்கு உரைக்கப்படுகிறது. ஏழாம் காண்டத்தில், டைபர் நதிக்கரைப் புல்வெளியில் கோதுமை ரொட்டிகளைப் பரப்பி, அவற்றின்மீது கனிகளை வைத்து அவர்கள் உண்கிறார்கள். கனி தீர்ந்தும் பசி தீராமல் ரொட்டிகளையும் தின்கிறார்கள். மேசையையும் தின்றுவிட்டோமே என்று ஈனியஸின் மகன் விளையாட்டாகச் சொல்ல, வாக்கு பலித்தது புரிகிறது. இதைப் பிட்ஸாவின் பிறப்புச் சான்றாக நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தட்டை ரொட்டி என்பது தட்டில்லாதவனின் உணவு என்பதைக் காவியம் அறிந்திருக்கிறது.

இத்தாலியின் தட்டை ரொட்டிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அடுப்பும் ஒரு பிழைப்பும் தெரிகின்றன. அடுப்பங்கரையைக் குறிக்கும் 'ஃபோகுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது ஃபொக்காச்சா. ஜெனோவாவில் புளித்த மாவை விரல்களால் குழிகுழியாக அழுத்தி, உப்பு நீரும் ஆலிவ் எண்ணெயும் தேங்கவிட்டுச் சுடுகிறார்கள். ரொமான்யாவின் பியாதீனாவுக்குச் சூளையடுப்பே தேவையில்லை. மாவோடு பன்றிக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்த்துப் பிசைந்து சூடான கல்லில் இட்டால் போதும். சார்தீனியாவின் கராசாவு ரொட்டி உப்பியதும் இரண்டு ஏடுகளாகப் பிளக்கப்பட்டு மறுபடி சுடப்படுகிறது. மந்தையோடு மாதக்கணக்கில் வீடு திரும்பாத இடையனுக்குக் கெடாத உணவு வேண்டியிருந்தது.

'பிட்ஸா' என்ற சொல் காயேத்தா நகரின் கி.பி. 997ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே வந்துவிடுகிறது. குத்தகைதாரர் ஆயருக்குக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பிட்ஸாக்கள் செலுத்த வேண்டும். அமெரிக்கக் கண்டத்துத் தக்காளி இத்தாலிக்கு வர அதன்பின் ஐந்து நூற்றாண்டுகளுக்குமேல் ஆயிற்று. அதுவரை இது வெறும் மாவின் வரலாறுதான்.

நேப்பிள்ஸில் அது வறுமையின் வரலாறாகிறது. பிட்ஸாவை ஏழைகளின் குளிர்கால உணவு என்று 1843இல் எழுதினார் அலெக்சாந்தர் துய்மா. இன்று தின்று எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் 'எட்டு நாள் பிட்ஸா' வழக்கமும் அங்கே இருந்தது. 1884இல் காலரா நகரைச் சூறையாடியபோது மாத்தில்தே செராவோ எழுதிய 'நேப்பிள்ஸின் வயிறு' நூலில், தெருவோரம் குளிரில் உறைந்து கிடக்கும் ஒரு காசுத் துண்டுகளைக் காண்கிறோம். பினோக்கியோவைப் படைத்த கொல்லோதி 1886இல் இதே பிட்ஸாவை அழுக்கின் ஒட்டுத்துணியாகவே கண்டார்.

1889 ஜூனில் அரசி மார்கெரீத்தாவுக்காக ரஃபயேலே எஸ்போசித்தோ கொடி நிறத்தில் பிட்ஸா சமைத்தார் என்ற கதை இங்கேதான் நுழைகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தின் முத்திரையையும் கையெழுத்தையும் ஸக்கரி நோவாக் 2014இல் வெளியிட்ட கட்டுரை ஐயத்துக்குள்ளாக்கியது. மொசரெல்லாத் துண்டுகளையும் திருநீற்றுப்பச்சிலையையும் இட்ட பிட்ஸாக்களை 1889க்கு முன்பே எம்மானுவேலே ரொக்கோ விவரித்துவிட்டார். ஆயினும் கதை சாகவில்லை. அரசி தொட்டால்தான் ஏழையின் உணவு மதிப்புப் பெறும் என்ற நம்பிக்கை இத்தாலிக்கு மட்டும் உரியதன்று.

இன்று அந்த மாவுக்குச் சட்டமே உண்டு. 2010இன் ஐரோப்பிய விதிப்படி நேப்பிள்ஸ் பிட்ஸாவின் விட்டம் 35 செ.மீ.க்கு மிகக்கூடாது, விளிம்பு 1 முதல் 2 செ.மீ. வரை உயர வேண்டும். ஏறத்தாழ 485 பாகை வெப்பமுள்ள விறகடுப்பில் 60 முதல் 90 விநாடிகளில் வெந்துவிட வேண்டும். மாவைக் கையால்தான் விரிக்க வேண்டும், உருளைக்கட்டை கூடாது. ரோமிலோ அதே கட்டையால் மெலிதாகத் தேய்த்து, கடித்தால் நொறுங்கும்படி சுடுகிறார்கள். 2017இல் நேப்பிள்ஸ் பிட்ஸாக்காரரின் கலையை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

வெளியூர் சென்று புகழ்பெற்றுத் திரும்பும் பண்பாட்டைச் சொந்த ஊர் புதிதாக மதிப்பதற்கு, 'பிட்ஸா விளைவு' என்று 1970இல் பெயரிட்டவர் வியன்னாவில் பிறந்து இந்துத் துறவியான மானுடவியலாளர் அகேகானந்த பாரதி. இந்திய ஆன்மிகத்தை விளக்கவே அவர் அந்த ரொட்டியைத் துணைக்கழைத்தார். விதியும் பட்டியலும் பண்டத்தைக் காக்கலாம். எட்டு நாள் கடனில் அதைத் தின்றவர்களையும் நினைவில் நிறுத்தினால்தான் அது வரலாறு.