இருபத்தைந்து நாள், பதினைந்து நாள், ஐந்து நாள்

மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கோபால்ட் வந்தது, பிறகு லீனியர் ஆக்சிலரேட்டர் வந்தது என்று. அந்த இயந்திரத்தின் கீழே படுத்தவள் எத்தனை நாள் வந்துபோனாள், அன்றைய கூலி என்னவானது, வீட்டில் யார் சோறாக்கினார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. நான் அந்த நாட்களை எண்ணிப் பார்க்கிறேன்.

நாமக்கல்லில் இருந்து சேலம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 25 நாள் போய்வந்தால் 2,500 கிலோமீட்டர். 15 நாள் என்றால் 1,500. ஐந்தே நாள் என்றால் 500. இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள்தான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவளுக்கும், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவளுக்கும், குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டுகிறவளுக்கும் வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். 2009இல் வந்த அரசுக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்றது. இழந்த கூலியை யாரும் ஏற்கவில்லை. ராசிபுரத்துப் பெரியம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "நோவக்கூடத் தாங்கிக்கலாங் கண்ணு, இந்தப் பஸ்ஸுதான் முடியல."

இது வெறும் அலுப்பு அல்ல. கட்டியை மட்டும் அகற்றி மார்பைக் காக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு 1985இல் காட்டியது. ஆனால் அப்படிக் காத்தால் பொதுவாகக் கதிர்வீச்சும் வேண்டும். அலைய முடியாது என்பதற்காகவே முழு மார்பையும் எடுத்துவிடச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

சரி, 25 என்ற எண் எங்கிருந்து வந்தது? நாளுக்கு 2 கிரே வீதம் மொத்தம் 50 கிரே. சிறிய அளவில் பிரித்துக் கொடுத்தால் நல்ல திசு பிழைக்கும், புற்றுத் திசு சாகும் என்பது நம்பிக்கை. நாட்களைக் குறைக்க முன்பே முயன்றிருந்தார்கள். மொத்த அளவைப் போதுமான அளவு குறைக்காமல் தினசரி அளவைக் கூட்டிய இடங்களில், ஆண்டுகள் கழித்துப் பெண்களுக்குத் திசு இறுகியது, நரம்பு சேதமானது. கை செயலிழந்த பிரிட்டன் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் 'ரேஜ்' என்ற பெயரில் அணி திரண்டு கணக்குக் கேட்டார்கள். ஊருக்கு ஊர் சிகிச்சை முறை வேறுபட்டிருந்தது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. குறுகியது எல்லாம் கருணையானதல்ல என்பதை நமக்குக் கற்பித்தவர்கள் அவர்கள்.

1990களின் இறுதியில் பிரிட்டனில் 'ஸ்டார்ட்' ஆய்வுகள் தொடங்கின. மார்பகப் புற்றும் தினசரி அளவின் மாற்றத்துக்கு ஏறத்தாழ நல்ல திசுவைப் போலவே எதிர்வினை செய்கிறது என்று அவை காட்டின. எனவே நாள் அளவைச் சற்றுக் கூட்டி மொத்தத்தைக் குறைக்கலாம்: 15 நாளில் 40 கிரே. 2008இல் முடிவு வந்தது. 2009இல் பிரிட்டன் அதையே வழிகாட்டுதலாக ஏற்றது. கனடாவின் 16 நாள் முறையும் பத்தாண்டுக் கண்காணிப்பில் தேறியது. இருந்தும் அமெரிக்காவில் பழைய முறை நெடுநாள் நீடித்தது. அங்கே ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் என்பது அதற்கு ஒரு காரணம்.

2020 ஏப்ரலில் 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' ஆய்வு வெளியானது. ஒரே வாரம், ஐந்து முறை, 26 கிரே; ஐந்தாண்டு முடிவில், நோய் மீள்வதைத் தடுப்பதில் 15 நாள் முறைக்குக் குறைவில்லை. ஊரடங்குக் காலம் அதை வேகமாகப் பரப்பியது. ஆனால் அந்த ஆய்வில் பெரும்பாலோர் மார்பைக் காத்துக்கொண்டவர்கள். நம் நாட்டில் நோய் முற்றி வருபவர்கள், முழு மார்பை இழந்தவர்கள், அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர்வீச்சு தேவைப்படுபவர்கள் நிறைய. கொல்கத்தாவின் டாடா மெடிக்கல் சென்டர் 2019இல் தொடங்கிய ஆய்வு இவர்களையும் சேர்த்துக்கொண்டு ஐந்து நாளையும் பதினைந்து நாளையும் ஒப்பிடுகிறது. நம் உடல்களைப் பற்றிய கேள்வியை நம் நாட்டிலேயே கேட்பது முக்கியம்.

தமிழகத்தில் அதற்கு முன்னோடி உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். பெண்கள் அமைப்பு எழுப்பிய மருத்துவமனை அது. சிகிச்சை கிடைப்பதே அன்றைய கோரிக்கை. அது நம் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும் என்பது இன்றைய கோரிக்கை.

எல்லோருக்கும் ஐந்து நாள் பொருந்தாது. அதை முடிவு செய்ய மருத்துவ அறிவு வேண்டும். ஆனால் "எனக்கு எத்தனை நாள்? ஏன் அத்தனை?" என்று கேட்க எந்தப் படிப்பும் வேண்டாம். உங்கள் அம்மாவோடு, அத்தையோடு, பக்கத்துத் தறிக்காரியோடு மருத்துவமனைக்குப் போகும்போது நீங்களும் கேளுங்கள்.