கொடியில் நிற்கும் கரும்பு

புதுச்சேரி கதிர்காமம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு கரும்புச்சாறு வண்டி. ஆகஸ்ட் 15-க்குச் செருகிய காகிதக் கொடி அதன் கம்பியில் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து மடித்த கரும்பு உருளைக்குள் நசுங்குவதைப் பார்த்தபடி நின்றேன். கொடியிலேயே கரும்பை வைத்திருக்கும் பிஜி நாடு நினைவுக்கு வந்தது.

வெளிர்நீலத் துணி, பசிபிக் கடலின் நிறம். மேல் மூலையில் பிரிட்டிஷ் கொடி. வலப்பக்கம் ஒரு கேடயம். அதன் உச்சியில் கொக்கோ காயைப் பிடித்தபடி ஒரு சிங்கம். கீழே செஞ்சிலுவை பிரித்த நான்கு கட்டங்களில் கரும்பு, தென்னை, வாழைக்குலை, ஒலிவக் கிளையோடு புறா. பிஜியில் சிங்கம் ஏது என்று கேட்காதீர்கள். கேடயம் 1908-இல் லண்டன் தந்தது. புறா மட்டும் அதற்கு முந்தைய பிஜி அரசின் கொடியில் பறந்தது.

அந்தக் கரும்பில்தான் நம் வீட்டுக் கதை இருக்கிறது. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர் இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். 'அக்ரிமெண்ட்' அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. சென்னைத் துறைமுகத்துக் கப்பல்கள் 1903-இல் தொடங்கின. அவற்றில் தமிழர் ஏராளம். நம் புதுச்சேரி, காரைக்காலில் ஏறியவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கொண்டுபோனார்கள். கொடிதான் வேறு, அங்கேயும் கரும்புதான்.

கேடயத்தில் கரும்பு ஏறிய அதே 1908-இல்தான் பாரதி புதுவைக்கு வந்து சேர்ந்தார். பிஜித் தோட்டத்துப் பெண்களை நினைத்து அவர் கலங்கிப் பாடியது நமக்குத் தெரியும். கேடயத்தில் கரும்பு மட்டும் நிற்கிறது. வெட்டிய கையைக் காணோம்.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. சாது குப்புசாமி 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிகள் எழுந்தன. நாந்தி நகரில் இன்று சிவசுப்பிரமணியருக்குக் கோபுரமே நிற்கிறது. கதிர்காமத்துக்காரர் போனால் அந்நியமாகத் தோன்றாது.

1970 அக்டோபர் 10, விடுதலை நாள். புதுக்கொடியிலும் பழைய கேடயமே. 2015-இல் பிரதமர் பைனிமராமா, காலனிச் சின்னங்களை நீக்கப் புதுக்கொடி வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பிஜியின் எழுவர் ரக்பி அணி இறுதிப் போட்டியில் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வென்றது. நாடெங்கும் அந்த வெளிர்நீலக் கொடியைத் தூக்கி ஆடினார்கள். பிரதமர் திட்டத்தைக் கைவிட்டார். தோற்ற பிரிட்டன் இன்னும் கொடியின் மூலையில் இருக்கிறது.