லினக்சும் கணினி விளையாட்டும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியில் விளையாடுவோர் மைக்ரோசொப்ட் கம்பனியின் விண்டோஸை விடுத்து லினக்சுக்கு மாறுவது அண்மைக் காலத்தில் கவனத்துக்குரிய போக்காக வளர்ந்துள்ளது. கணினி விளையாட்டுகளை விற்பனை செய்யும் ஸ்டீம் என்னும் இணையக் கடை தன் பாவனையாளரிடையே மாதந்தோறும் நடத்தும் கணிப்பில், லினக்ஸ் பாவனையாளரின் பங்கு 2025 ஒக்டோபரில் முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. தொகை சிறிதே. ஆயினும் லினக்சில் விளையாட முடியாது என்பது நெடுங்காலம் மறுப்பாரின்றி வழங்கிய கூற்று என்பதை நினைவிற் கொண்டால், நிகழ்ந்துள்ள மாற்றத்தின் அளவு புலனாகும்.

இம்மாற்றத்தைத் தனிமனிதரின் இரசனையாலும் தொழினுட்ப ஆர்வத்தாலும் விளக்குவது வழக்கம். இலக்கிய இரசனையைச் சமூக அடிப்படையினின்றும் பிரித்து நோக்கும் திறனாய்வு எத்துணைக் குறைபாடுடையதோ, அத்துணைக் குறைபாடுடையது இவ்விளக்கமும். விளையாடுவோன் தெரிவு செய்கிறான் என்பது உண்மை. ஆனால் அவன் முன்னுள்ள தெரிவுகள் எவருடைய உழைப்பால், எத்தகைய உடைமை உறவுகளுக்குள் தோன்றின என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா. அவ்வினாவுக்கு விடை காண்பதே நமது நோக்கமாகும்.

முதலில் விளையாட்டு ஏன் விண்டோஸுடன் பிணைந்தது என்பதை நோக்குவோம். கணினியின் வன்பொருளுக்கும் அதிலியங்கும் மென்பொருளுக்கும் இடையில் நிற்பது இயங்குதளம்; நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்பதும் இதனையே. ஒரு விளையாட்டு திரையில் உருவத்தை வரைவதற்கும் ஒலியை எழுப்புவதற்கும் இயங்குதளத்திடம் இடைவிடாது கட்டளைகளை விடுக்கவேண்டும். 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்த காலத்தில் மைக்ரோசொப்ட் இத்தகைய கட்டளைகளை டிரெக்ட் எக்ஸ் என்னும் தொகுதியாக வகுத்தளித்தது. விளையாட்டு ஆக்குவோருக்கு அது பெரும் வசதியாயிற்று. ஆனால் அதனைக் கொண்டு எழுதப்பட்ட விளையாட்டு விண்டோஸ் அல்லாத தளத்தில் இயங்காது. விண்டோஸில் விளையாட்டுகள் மிக்கிருந்தமையால் விளையாடுவோர் அங்குச் சென்றனர். விளையாடுவோர் அங்கிருந்தமையால் ஆக்குவோரும் அங்கேயே சென்றனர். ஏகபோகம் இவ்வாறு தன்னைத் தானே மறு உற்பத்தி செய்துகொண்டது.

இதற்கு எதிர்நிலையான மரபு வேறோர் உற்பத்தி முறையிலிருந்து தோன்றியது. 1983இல் அமெரிக்காவில் ரிச்சட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை இருத்தல் வேண்டும் என்பது அவரது கோட்பாடு. 1989இல் வெளிவந்த குனூ பொது உரிமம் இக்கோட்பாட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது: பொது நிரலை மாற்றி வெளியிடுவோன் தன் மாற்றத்தையும் பொதுவாக்குதல் வேண்டும். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோவால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அதுவும் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

இத்தளத்தில் விளையாட்டுகளைக் கொணரும் முயற்சிகள் தொடக்கத்திலிருந்தே நடந்தன. புகழ்பெற்ற டூம் விளையாட்டுக்கு 1994இலேயே லினக்ஸ் வடிவம் ஒன்று இருந்தது. 1998இல் கலிபோர்னியாவில் தோன்றிய லோகி என்னும் கம்பனி, விண்டோஸ் விளையாட்டுகளை ஒவ்வொன்றாக லினக்சுக்கு மாற்றி விற்பதையே தொழிலாகக் கொண்டது. நூலை முழுமையாக மொழிபெயர்த்து வெளியிடும் பதிப்பாளர் பணியை ஒத்தது அது. ஆனால் மொழிபெயர்ப்பு எப்போதும் மூலத்துக்குப் பின்னரே வந்தது. வாசகரோ மிகச் சிலர். 2002 சனவரியில் லோகி மூடப்பட்டது. ஏகபோகத்தின் சந்தையில் அதன் விதிகளுக்கு இணங்கவே போட்டியிட முனைந்த சிறு முதலின் கதி இது. எனினும் அங்கு பணியாற்றிய சாம் லன்ரிங்கா 1998இல் உருவாக்கிய எஸ்.டி.எல். என்னும் நிரற்றொகுதி பொதுவுடைமையாக இருந்தமையால், கம்பனி அழிந்த பின்னும் அது வாழ்ந்தது.

இரண்டாவது வழி 1993இல் தொடங்கிய வைன் திட்டமாகும். வைன் எந்த விளையாட்டையும் மொழிபெயர்ப்பதில்லை. குடியேற்றவாதக் காலத்துத் துபாஷியைப்போல அது இடையில் நிற்கிறது: மென்பொருள் விண்டோஸுக்கு விடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும் தான் ஏற்று, லினக்ஸ் அறிந்த முறையில் நிறைவேற்றி, விடையை மீட்டளிக்கிறது. விண்டோஸின் மூலநிரல் மூடப்பட்டிருந்தமையால், அதன் கட்டளைகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைப் புறத்தேயிருந்து சோதித்தறிந்தே எழுதவேண்டியிருந்தது. 1994 முதல் அலெக்சாந்திர் ஜூலியார் இதனை வழிநடத்தி வந்தார். பல நாட்டவர், பெரும்பாலும் ஊதியமின்றி, ஆண்டுக்கணக்கில் இதற்கு உழைத்தனர்.

இவ்வுழைப்பின் பயன் எவருக்கு உரியது என்னும் வினா 2002இல் கூர்மை பெற்றது. அதுவரை வைனின் உரிமம் எவரும் நிரலை எடுத்துத் தமதாக்கி மூடிக்கொள்ள இடமளித்தது. ட்ரான்ஸ்கேமிங் என்னும் கனேடியக் கம்பனி வைனை எடுத்து, விளையாட்டுக்கு இன்றியமையாத டிரெக்ட் எக்ஸ் பகுதிகளைச் சேர்த்து, வைன்எக்ஸ் என்ற பெயரில் சந்தா பெற்று வழங்கியது. சேர்த்தவற்றுட் பெரும்பகுதி பொதுத் திட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் விரித்துரைப்பதை அறிந்தோர்க்கு இந்நிகழ்வு புதிதன்று. வேறுபாடு ஒன்றுண்டு: நிரலை எடுத்துச் செல்வதால் மூலப்பிரதி குறைவதில்லை, அடைக்கப்படுவது மேற்கொண்டு விளையும் விளைச்சலே. வைன் உழைப்பாளர் விவாதித்து, 2002 மார்ச்சில் குனூவின் தளர்ந்த பொது உரிமத்துக்கு மாறினர். அதன்பின் வைனைத் திருத்தி வெளியிடுவோர் அத்திருத்தங்களைப் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டனர். ட்ரான்ஸ்கேமிங் பழைய நிரலுடன் தனிவழி சென்றது; பின்னர் செடேகா எனப் பெயர் மாறிய அதன் சேவை 2011இல் முடிவுற்றது. நமது கருத்தில், இவ்வரலாற்றின் திருப்புமுனை எவ்விளையாட்டினதும் வருகையன்று, இவ்வுரிம மாற்றமே.

ஆயினும் கூட்டுழைப்பு மட்டும் ஏகபோகத்தைத் தளர்த்திவிடவில்லை. முதலாளிகளிடையே எழுந்த முரண்பாடும் அதற்குத் துணை செய்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பனியின் தலைவர் கேப் நியூவெல் முன்னர் மைக்ரோசொப்டில் பணியாற்றியவர். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 தனக்கெனச் சொந்தக் கடையைக் கொண்டிருந்தது. தன் கடை இன்னொருவன் நிலத்தில் நிற்கிறது என்பதை வால்வ் உணர்ந்தது. அவ்வாண்டிலேயே நியூவெல் விண்டோஸ் 8ஐப் பேரழிவென வெளிப்படையாகக் கண்டித்தார். 2013 பெப்ரவரியில் லினக்சுக்கான ஸ்டீம் வெளிவந்தது. 2015இல் லினக்சுடன் விற்பனைக்கு வந்த ஸ்டீம் மெசின் கணினிகள் தோல்வியுற்றன. லோகி சந்தித்த தடையை, அதாவது ஆக்குவோர் லினக்ஸ் வடிவம் எழுதாமையை, அவையும் சந்தித்தன.

இத்தோல்விக்குப் பின்னரே வணிகம் பொதுவுழைப்பை நாடியது. 2018 ஓகஸ்டில் வால்வ், கோட்வீவர்ஸ் கம்பனியுடன் இணைந்து வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டொனை வெளியிட்டது. 2016இல் வெளிவந்த வல்கன் என்னும் திறந்த வரைகலை நியமமும், டிரெக்ட் எக்ஸின் வரைகலைக் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் பிலிப் ரெபோலேயின் டி.எக்ஸ்.வி.கே. நிரலும் அதற்கு வலுவூட்டின. விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஆக்கியோரின் ஈடுபாடின்றியே லினக்சில் இயங்கலாயின. 2022 பெப்ரவரியில் ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினி லினக்சுடன் விற்பனைக்கு வந்தது. வால்வின் செலவில் வைனில் நிகழ்ந்த திருத்தங்கள் வேலிக்குள் அடைபடாமல் எவரும் பெறத்தக்கனவாய் இருப்பதற்கு 2002ஆம் ஆண்டின் தீர்மானம் அடித்தளமிட்டது.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியமை இப்போக்கை மேலும் தூண்டியது. விண்டோஸ் 11 விதிக்கும் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவு செய்யாத, ஆனால் நன்கு இயங்கும் கணினிகள் பல. அவற்றை வைத்திருப்போருக்கு லினக்ஸ் என்பது இரசனை பற்றிய வினா மட்டுமன்று. புதிய கணினிக்குப் பணம் தேடுவதா, இருப்பதைக் காப்பதா என்னும் வினாவுமாகும்.

எனினும் பெற்ற விடுதலையின் எல்லையையும் கூறுதல் வேண்டும். பலர் இணைந்து ஆடும் போட்டி விளையாட்டுகள் சில, மோசடியைத் தடுக்கும் நிரல்களைக் காரணம் காட்டி லினக்ஸை விலக்கியுள்ளன. 2024இல் ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் முன்பு அளித்த அனுமதியையே மீளப் பெற்றது. மோசடி உண்மையான கேடுதான். நேர்மையாய் ஆடுவோரே அதனால் இழப்புறுவர். ஆனால் பாவனையாளன் தன் கணினியின் கருநிரலையும் மாற்ற வல்லவன் என்பதே இங்குக் குற்றமாகிறது. மேலும் இயங்குதளம் பொதுவாயினும் அதன்மேல் நிற்கும் கடை தனியுடைமையே. ஸ்டீம் விற்பனையில் பொதுவாக 30 விழுக்காட்டைத் தனதாக்குகிறது. வாங்குவோன் பெறுவது விளையாட்டன்று, அதனைப் பாவிக்கும் உரிமமே என்று 2024 முதல் அக்கடையே அறிவிக்கிறது.

ஆதலால் லினக்சுக்கு மாறும் விளையாட்டாளன் சந்தையை விட்டு வெளியேறிவிட்டான் என நாம் மயங்குதல் ஆகாது. வால்வின் நலன் நாளை வேறு திசையில் திரும்பலாம். அவ்வாறு திரும்பினும் வைனும் டி.எக்ஸ்.வி.கே.யும் பொதுவில் எஞ்சும். லோகி மறைந்தபின் எஸ்.டி.எல். எஞ்சியதைப்போல. கூட்டுழைப்பின் பயனைக் காப்பது நல்லெண்ணம் மட்டுமன்று, அவ்வுழைப்பாளர் தமக்கென வகுத்துக்கொண்ட விதிகளுமாகும் என்பதே இம்முப்பதாண்டு வரலாறு தரும் பாடம். மென்பொருளுக்கு அப்பாலும், அறிவுழைப்பு நடைபெறும் துறைகள் யாவற்றிலும் இப்பாடம் ஆராயப்படவேண்டியதாகும்.